அஞ்சேல் என்று சொன்ன பிறகு

வழிகாட்டி தொண்டையைச் செருமினார். சளி பிடித்தவர் செருமுவது போல அல்ல. அடிவயிற்றிலிருந்து இழுத்து, நிதானமாக, இரண்டு தடவை. பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து செடியை ஒடித்துத் தின்றுகொண்டிருந்த பெண் கொரில்லா தலையைத் தூக்கியது. மடியில் குட்டி. முதலில் அவரைப் பார்த்தது, பிறகு முகக்கவசம் போட்டு நின்ற எங்கள் எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. பார்த்து முடித்ததும் மறுபடி தண்டை உரிக்க ஆரம்பித்தது.

"அதுகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கீழே இறங்கி வந்த பிறகு அவரிடம் கேட்டேன். அவை நிம்மதியாக மேயும்போது தங்களுக்குள் எழுப்பிக்கொள்ளும் ஒலி அது என்றார். நாங்கள்தான் வந்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருளாம்.

அஞ்சேல். கோயிலில் சாமி உயர்த்திய உள்ளங்கைக்கு அம்மா எனக்குச் சொல்லித் தந்த பொருள் அது. ஒரு மனிதர் அதை ஒரு விலங்குக்கு அதன் மொழியிலேயே சொல்லி அன்றுதான் கேட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டவர் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி என்னோடு ஷா ஆலம் வரைக்கும் வந்துவிட்டது.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற வருடம் மகள் கேட்டாள், "அம்மா, காசிக்குப் போவோமா, இல்ல வேற எங்கயாவது போகணுமா?" உகாண்டா என்றேன். அவளுக்குக் காரணம் தெரியும். 2002இல் தைப்பிங் விலங்குக்காட்சிச் சாலைக்கு நைஜீரியாவிலிருந்து நான்கு கொரில்லாக் குட்டிகள் வந்து சேர்ந்தன. கூண்டில் பிறந்தவை என்று ஆவணத் தாள் சொன்னது. அவை காமரூன் காட்டில் பிடிபட்டுக் கடத்தப்பட்டவை என்பது பிறகு வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பத்திரிகையில் வந்த செய்தியை நான் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அதுங்களோட அம்மாலாம் எங்க டீச்சர்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். கொரில்லாத் தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியை யாரும் தூக்க முடியாது. நான்கு குட்டிகள் என்றால் குறைந்தது நான்கு தாய்கள், அவற்றைக் காக்கக் குறுக்கே பாய்ந்த பெரிய கடுவன்கள் வேறு. பத்து வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? "காட்டுல இருக்கும்மா" என்று சொல்லி உட்கார வைத்தேன். அந்தப் பொய் இன்றும் உறுத்துகிறது. நான்கு குட்டிகளும் 2004இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்குப் போய், 2007 நவம்பர் கடைசியில்தான் காமரூனின் லிம்பே காப்பகத்துக்குத் திரும்பின. பிறந்த மண்ணுக்குத் திரும்பின, பிறந்த காட்டுக்கு அல்ல. மனிதக் கையில் வளர்ந்தவற்றைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அவ்வளவு சுலபமில்லை. இது எனக்கு வேறொரு வழியிலும் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பயண ஏற்பாடு நீண்ட கதை. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போகும்போது அங்கேயும் சிக்கல், திரும்பும்போது நம் கேஎல்ஐஏவிலும் சிக்கல். உகாண்டாவின் புவிண்டி காட்டுக்குள் ஒரு நாள் கொரில்லா பார்க்க அனுமதிச் சீட்டு மட்டும் ஆளுக்கு 800 அமெரிக்க டாலர், நம் காசுக்கு மூவாயிரம் வெள்ளிக்கு மேல். பக்கத்து ருவாண்டாவில் 1,500 டாலர். ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான், ஒரு மணி நேரந்தான். இருமல் தும்மல் உள்ளவருக்கு இடமில்லை. பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. காலையில் இந்த விதிகளை அவர்கள் விளக்கும்போது, பள்ளியில் தேர்வு நாளில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கண்டிப்பு அந்தக் குரலில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஏறும்போதுதான் விஷயம் புரிந்தது. காஞ்சொறி கையைச் சுடுகிறது, வழுக்குகிறது, மூச்சு வாங்குகிறது. தேடிப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பி, முந்தின நாள் கொரில்லாக்களை விட்டு வந்த இடத்துக்குப் போய், இரவு அவை இலைகளை வளைத்துக் கட்டிய படுக்கைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடித்து நமக்குச் செய்தி சொல்கிறார்கள். மழை என்று ஒரு நாள்கூட விடுவதில்லை. ஒரு காட்டுக் கூட்டத்தின் பயத்தைப் போக்க இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும் என்றார் வழிகாட்டி. முதல் மாதங்களில் கடுவன் மார்பில் அறைந்துகொண்டு பாயும். இவர்கள் தலைகுனிந்து அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். மறுநாளும் போய் உட்காருவார்கள். அப்படி முதலில் பழகிய முபாரே கூட்டத்தை 1993இல் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். பழக்கப்படாத கூட்டங்கள் இன்றும் மனித வாடை பட்டால் விலகிப் போய்விடும்.

ஆக, அந்தத் தாயின் கண்ணில் நான் கண்ட அமைதி அதன் பிறவிக் குணமில்லை. மனிதர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து செய்தது.

அதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலைக் கொரில்லாக்கள் ஒரு காலத்தில் அழிந்தே போகும் என்று எல்லோரும் கைவிட்ட இனம். கடைசியாக வந்த கணக்குப்படி புவிண்டியிலும் விருங்கா மலைகளிலுமாக 1,063. 2018இல் அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே வந்தன. சீட்டுக் காசு காவலாளிகளுக்குச் சம்பளமாகிறது, சுற்றுக் கிராமங்களுக்கு ஒரு பங்கு போகிறது. மகள் கணக்குப் பார்த்து, "நம்ம காசு நல்ல இடத்துக்குத்தான் போகுதும்மா" என்றாள். உண்மைதான்.

ஆனால் 1996இல் இதே காட்டில் பயம் தெளிந்த ஒரு கூட்டத்துக்குச் சிரங்கு வந்தது. மனிதர்களிடமிருந்து வந்த சிரங்கு. பக்கத்துத் தோட்டங்களில் காவல் பொம்மைகளுக்கு மாட்டியிருந்த பழந்துணிகளை அவை தொட்டிருக்கும் என்று கருதினார்கள். முடியெல்லாம் கொட்டி ஒரு குட்டி செத்தது. மற்றவற்றுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். அப்போது அங்கே கால்நடை மருத்துவராக இருந்த கிளாடிஸ் கலேமா-சிகுசோகாவுக்கு அதிலிருந்து ஒன்று விளங்கியது: கிராமத்துக் குழந்தையின் தோல் சுத்தமாக இல்லாமல் கொரில்லாவின் தோல் சுத்தமாக இருக்க முடியாது. காட்டுக்கும் கிராமத்துக்கும் சேர்த்தே மருத்துவம் பார்க்க 2003இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2013இல் உகாண்டாவின் இன்னொரு காடான கிபாலேயில், நமக்கு மூக்கொழுகலோடு போய்விடும் ஒரு சாதாரணச் சளிக் கிருமி, ஐம்பத்தாறு சிம்பன்சிகள் இருந்த கூட்டத்தில் ஐந்தைக் கொன்றது. 2020இல், பயணிகள் யாரும் வராத கொரோனாக் காலத்தில், ரஃபிகி என்ற பெரிய கடுவன் புவிண்டியில் வேட்டைக்கு வந்தவரின் ஈட்டிக்கு இரையானது. பாய்ந்து வந்ததால் குத்தினேன் என்றார் அவர். பதினோரு வருடச் சிறை. ரஃபிகி என்றால் ஸ்வாஹிலியில் நண்பன்.

அன்று இரவு விடுதியில் கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு ரஃபிகியை நினைத்தேன். பிறகு ராமுவை நினைத்தேன்.

கிள்ளானுக்கு வெளியே நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. பக்கத்து லயத்து மாமா ஒரு நாள் சாக்குப்பையில் ஒரு குரங்குக் குட்டியைக் கொண்டு வந்தார். யாரோ சுட்ட தாயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியதாம். முதல் மூன்று நாள் அது யாரைக் கண்டாலும் பல்லைக் காட்டிக் கத்தியது. நான்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மைலோவை ஆற்றி, விரலில் தொட்டு, அதன் வாயில் வைத்தேன். நான்காம் நாள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு லயத்தில் எந்த வீட்டுக்கும் போகும், எந்தக் கையையும் நம்பும். குரங்குக் குட்டியை மகவு என்றும் பிள்ளை என்றும்கூடச் சொல்லலாம் என்கிறது தொல்காப்பிய மரபியல். பின்னாளில் அதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ராமுவின் விரல்கள்தான். நகம் கறுப்பு, உள்ளங்கை மட்டும் குழந்தையினுடையது போலவே ரேகையோடு இருக்கும்.

இரண்டு வருடத்தில் பெரிதானது. ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டது. மாமா சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்த் தூரத்துக் காட்டோரம் விட்டுவிட்டு வந்தார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அடுத்த தோட்டத்துக்குள் அது நடந்து போயிருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்கு அது ராமு இல்லை, குரங்கு. கட்டையை எடுத்தார்கள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளியில் வந்து சொன்னார்கள், "அடிக்க அடிக்க ஓடவே இல்ல, கைய நீட்டிக்கிட்டே நின்னுச்சு."

ஓட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. தெரிந்து வைத்திருந்ததை மூன்று நாளில் மறக்க வைத்தது நான்.

பயம் என்பது ஓர் உயிருக்கு அதன் தாய் விட்டுப்போன சொத்து. அதை வாங்கிக்கொள்கிறவர் அதற்கு ஈடாகக் காவலைக் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்த உயிர் இருக்கும்வரைக்கும். புவிண்டியில் அந்தக் கடனை ஓரளவாவது உணர்ந்திருக்கிறார்கள். அந்த முகக்கவசமும் பத்து மீட்டரும் ஒரு மணி நேரமும் அதற்குத்தான். அன்பு இருந்தால் போதும் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். எனக்கு ராமு மேல் அன்பு குறைவாகவா இருந்தது?

அங்கேயும் எல்லோருக்கும் அஞ்சேல் என்ற அந்தச் சொல் கிடைத்துவிடவில்லை. அந்தக் காட்டிலேயே தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்துவந்த பட்வா மக்களை, 1991இல் காட்டைத் தேசியப் பூங்காவாக்கியபோது வெளியேற்றினார்கள். மறுநாள் மாலை அவர்களில் ஒரு மூதாட்டி எங்களுக்கு அவர்கள் பழைய குடிசை எப்படி இருக்கும் என்று இலை தழைகளை வைத்துக் கட்டிக் காட்டினார். எங்கள் தோட்டத்தை விற்று வீடமைப்பு வந்தபோது, லயத்தை விட்டுக் கடைசியாக வெளியேறியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அந்த மூதாட்டி கட்டி முடித்துக் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்து எங்களைப் பார்த்தபோது என்னால் படம் எடுக்க முடியவில்லை.

ஷா ஆலமுக்குத் திரும்பிய மறுநாள் காலை, பின்சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீடு யு10 பக்கம், புக்கிட் செராக்கா காட்டோரம். அந்த வனக் காப்பகத்தில் 406 ஹெக்டர் பரப்பை நீக்கியதாக 2022இல் அரசிதழில் வந்தது, அதுவும் 2000ஆம் ஆண்டிலிருந்தே செல்லுபடியாகும் என்று. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். மரம் குறையக் குறைய லோத்தோங் குரங்குக் கூட்டம் எங்கள் பின்சந்துக்கு வர ஆரம்பித்தது. சாம்பல் கறுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி போட்டாற்போல வெள்ளை வளையம். குட்டி பிறக்கும்போது தங்க நிறமாக இருக்கும். கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் நம் மாநிலத்தின் பெயரையே தாங்கிய லோத்தோங்குகளுக்குப் பயிற்றங்காய் கொடுத்துத் தோளில் ஏற்றிப் படம் எடுப்போமே, அதைப் பார்த்துப் பழகிய கைதானே, நானும் இரண்டு வருடமாகச் சுவரில் பயிற்றங்காய் வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு தாய், அவள்தான், என் கையிலிருந்தே வாங்குவாள். அவள் மற்ற வீடுகளுக்கும் அதே நம்பிக்கையோடு போவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்தில் ஒரு வீட்டில் பட்டாசு கொளுத்திப் போடுகிறார்கள். இன்னொரு வீட்டில் கவண் இருக்கிறது. எதிரே சாலை.

பினாங்கின் தெலுக் பஹாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களை முறுக்கிச் சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள், லோத்தோங் கீழே இறங்காமல் மரத்திலிருந்து மரத்துக்குப் போவதற்காக. தொடாமல் செய்த அந்த உபகாரத்தை நினைத்து நான் பல நாள் ஏங்கியிருக்கிறேன். எங்கள் சாலைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று குடியிருப்பாளர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது வரும்வரை என் கையில் இருந்தது ஒன்றுதான்.

பயிற்றங்காயை நிறுத்தினேன். அவள் வந்து உட்கார்ந்து, கிரில் கதவைப் பார்த்து, காத்திருந்து போனாள். ஆறு நாள். ஏழாம் நாள் சட்டி மூடியை எடுத்துப் போய்க் கரண்டியால் தட்டினேன். அவள் போகவில்லை, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் ஓங்கித் தட்டினேன். குட்டி மிரண்டு தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் நகர்ந்தாள். உள்ளே வந்து வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன். மகள் எதுவும் கேட்கவில்லை. மூடியை வாங்கிக் கழுவி வைத்தாள்.

தினமும் தட்டினேன். மூன்று வாரம்.

போன செவ்வாய்க்கிழமை குப்பை கொட்டப் பின்சந்துக்குப் போனேன். காட்டோரத்து மரக்கிளையில் அவள் இலையைத் தின்றுகொண்டிருந்தாள். குட்டியின் தங்க நிறம் போய்ச் சாம்பல் ஏறத் தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் ஒரே தாவலில் குட்டியை அணைத்து உயரக் கிளைக்குப் போய், அங்கிருந்து இலைகளுக்குள் மறைந்தாள். அன்று என் கையில் மூடிகூட இல்லை.