சின்னக் கைகளும் பிறர்சிநேகமும்



நாலு வயதுக் குழந்தை கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் அது குற்றமாகுமா? ஆகாது. கண்ணுக்குத் தெரியாத கிருமியை அது அறியாது. அறிந்தவர்கள் நாம், ஆகையால் கடமையும் நம்முடையதே.

இதை அற்பக் காரியமென்று எண்ணவேண்டாம். கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் நடத்தப்பட்டு, 2005-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று உண்டு. வீடுகளுக்குச் சோப்புக் கொடுத்து, கைகழுவும் விதத்தையும் கற்பித்தார்கள். அவ்வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நிமோனியா பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளின் வயிற்றுப்போக்கும் ஏறக்குறையப் பாதியாயிற்று. கிருமிநாசினிச் சோப்பு செய்ததைச் சாதாரணச் சோப்பும் செய்தது.

"காரணம் புரியாத பிள்ளைக்குப் பழக்கத்தை மட்டும் கற்பித்து என்ன பயன்?" என்று கேட்கலாம். கைகூப்பக் கற்ற பின்பல்லவா வணக்கத்தின் பொருளைக் கற்கிறோம்? பழக்கம் முந்தும், அறிவு பின்தொடரும்.

ஆனால் பயங்காட்டிப் பழக்காதீர்கள். "கழுவாவிட்டால் உனக்குச் சீக்கு வரும்" என்றால் பிள்ளை தன்னை மட்டுமே நினைக்கும். "தம்பிப் பாப்பாவைத் தொடப்போகிறாயே, கழுவிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். தன் கை பிறர் உயிரையும் தொடுகிறது என்பதை அது உணரும். பிறர்சிநேகத்தின் முதற்பாடம் இதுவே.

சாப்பிடுமுன்னும், மலசலம் கழித்த பின்னும், விரலிடுக்கிலும் நகத்திலும் சோப்புத் தேய்த்து, நிதானமாக 20 எண்ணும்வரை கழுவட்டும். பக்கத்தில் நின்று நீங்களும் கழுவுங்கள். பிள்ளை நம் வாயைக் கேட்பதைவிட நம் கையையே அதிகம் பார்க்கிறது.