விளையாட்டுப் பெட்டியும் வீட்டுக் கணக்கும்



வீடியோ கேம் ஆடுவது பாவமா என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர்களில் சிலரோ, "பாவம் என்றே சொல்லிவிடுங்கள் சுவாமி, எங்கள் பணம் தப்பும்" என்கிறார்கள். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. வேதசாஸ்திரிகளில் தலைசிறந்தவரான அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், களைத்த சரீரத்துக்கு இளைப்பாற்றி வேண்டியதுபோல் களைத்த மனதுக்கு விளையாட்டு வேண்டும் என்று போதித்தவர். அவர் எடுத்துக்காட்டும் ஒரு பழங்கதையில், அர்ச். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடுவதைக் கண்டு சிலர் இடறல்படுகிறார்கள். அவர் வில் வைத்திருந்த ஒருவனை அம்பெய்யச் சொல்லி, இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துபோகும் என்றான் அவன். மனதும் அப்படித்தான் என்றார் அப்போஸ்தலர். சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்த்து வருகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நிற்க. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நமதாண்டவர் சொன்னார் (அர்ச். லூக்காஸ், 14-ம் அதிகாரம்). "உட்கார்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடை வாசலில், பிள்ளை கையைப் பிடித்து இழுக்க, நின்றபடி போடும் கணக்கு கணக்கல்ல.

ஆகையால் வீட்டிலேயே உட்கார்ந்து பார்ப்போம். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ரூ. 49,990. அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆட இன்னொரு கன்ட்ரோலர் ரூ. 5,990. புதிய ஆட்டம் ஒன்று ரூ. 4,999 வீதம் இரண்டு. ஆக மொத்தம் ரூ. 65,978. ஐம்பதாயிரம் என்று நினைத்து வாங்கப் போனவருக்குப் பதினாறாயிரம் துண்டு விழுந்தது. பிற்பாடு விலை ஏறவும் செய்தது. டிஸ்க் போட இடமில்லாத பெட்டி அன்று ரூ. 39,990 தான், பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அதில் பழைய டிஸ்க் வாங்கி ஆட முடியாது, அடுத்த வீட்டில் இரவல் கேட்க முடியாது, ஆடி முடித்ததை விற்கவும் முடியாது. இரண்டு புதிய ஆட்டங்களிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும். (அத்திப்பள்ளி தாண்டினால் வரி குறைவு என்று இன்னும் எண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல்: 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் வரி ஒன்றே. பஸ் செலவுதான் மிச்சமாகாது.)

"வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைக் கண்டு மயங்காதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கத்துக்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடியைப் பல சமயம் இழக்கிறோம். கட்டணம் என்றும் வரி என்றும் சில்லறை வேறு சேருகிறது.

பணத்தைவிட எனக்கு அதிக விசாரம் தருவது வேறொன்று. தவணை கட்ட ஓவர்டைம். ஓவர்டைம் பார்த்த தகப்பன் வீடு வரும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். குடும்பம் கூடி மகிழத்தான் அந்தப் பெட்டி வாங்கப்பட்டது. அதை வாங்கியவர்தான் அதன் முன் உட்கார்ந்ததே இல்லை. இரவு ஜெபமாலையிலும் அவர் இடம் காலி. இதையும் கணக்கில் எழுதுங்கள்.

வாங்குவதென்றால் மாதாமாதம் ஒதுக்கி, ரொக்கமாக வாங்குங்கள். எத்தனை மாதம் ஆகும் என்று பிள்ளைகளையே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள்; காத்திருக்கும் காலத்தில் பாதி ஆசைகள் தாமே அடங்கிப்போவதும் உண்டு. உங்கள் வங்கி அட்டையின் எண்ணைப் பெட்டிக்குள் பதிந்து வைக்காதீர்கள். ஆட்டத்துக்குள்ளேயே சட்டையும் ஆயுதமும் விற்கிறார்கள். பிள்ளைக்கு அது காசு என்றே தெரிவதில்லை.

ஆடி முடித்த டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஞாயிறு பூசைக்குப்பின் ஞானோபதேச அறைக்குக் கொண்டுவந்தால், பெற்றோர் முன்னிலையில் மாற்றிக்கொள்ளலாம். வாலிபர்கள் ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதி வைப்பார்கள். வாங்கப் போகிறவர்கள் காகிதமும் பென்சிலும் கொண்டுவந்தால், உட்கார்ந்து கணக்குப் பார்க்க நானும் அங்கே இருப்பேன்.

உங்கள் பங்குச் சுவாமியார்