நீல மூட்டம்

திண்டிவனத்தில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. கேட், கிரில் வேலை. அதற்கு முன் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் கார்பன் டை ஆக்சைடு லேசர் வெல்டிங் மெஷினில் நின்றேன். அங்கே ஒருநாள் பார்த்த நீல வெளிச்சம் இன்னும் என்னை விடவில்லை.

அன்று ஹீலியம் சிலிண்டர் தீர்ந்துபோய், ஆர்கானை மாட்டி ஓட்டச் சொன்னார்கள். லேசர் விழுந்த இடத்துக்கு மேலே நீலமாக ஒரு மூட்டம் எழுந்து நின்றது. துண்டை அறுத்துப் பார்த்தால், 5 மி.மீ. இறங்க வேண்டிய வெல்டு பாதிகூட இறங்கவில்லை. மெஷினில் பவர் குறையவில்லை. மூட்டம் ஒளியைத் தின்றிருந்தது.

லேசர் பட்டதும் இரும்பு உருகிக் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியும் மேலே இருக்கும் வாயுவும் சூட்டில் எலெக்ட்ரானை உதிர்த்துப் பிளாஸ்மா ஆகின்றன. உதிர்ந்த எலெக்ட்ரான் தனியாக நின்றால் ஒளியை விழுங்க முடியாது; பக்கத்தில் ஓர் அயனி வேண்டும். அடர்ந்த ஆவியில் அயனிக்குப் பஞ்சமில்லை. விழுங்க விழுங்கச் சூடேறும், சூடேற ஏற இன்னும் எலெக்ட்ரான் உதிரும். ஹீலியத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிரிக்க 24.6 எலெக்ட்ரான்வோல்ட் வேண்டும்; ஆர்கானுக்கு 15.8 போதும், இரும்புக்கு வெறும் 7.9. அதனால்தான் ஹீலியம் ஊதுவது. அந்த லேசரின் அகச்சிவப்பு ஒளி 10.6 மைக்ரான். இப்போது வருகிற ஃபைபர் லேசர் ஏறக்குறைய 1.07. அலைநீளம் பத்தில் ஒன்றானால் இந்த விழுங்கல் சுமார் நூறில் ஒன்றாகும். புதுப் பையன்களுக்கு மூட்டம் பெரிய தொல்லை இல்லை.

எனக்கு அது தொல்லையாக மட்டும் தெரியவில்லை. ஒளியை மறைத்த திரையை எழுப்பியதே அந்த ஒளிதான். திரைக்கான சரக்கு இரும்பினுடையது.

அப்பா இருந்தவரை பிரதோஷத்துக்கு விழுப்புரத்தில் பஸ் மாறித் திருவெண்ணெய்நல்லூர் போவோம். கல்யாணப் பந்தலில் சுந்தரரைத் தடுத்து, ஓலை காட்டி, 'நீ என் அடிமை' என்று வழக்காடி இறைவன் கூட்டிவந்த ஊர். வந்தது கிழவர் வேஷத்தில். ஆட்கொள்ள வந்தவரே தன்னை மறைத்துக்கொண்டுதான் வந்தார். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இந்த ஊரில் இருந்துதான் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களைத் தந்தார். படைத்தல், காத்தல், அழித்தலோடு மறைத்தலையும் இறைவன் தொழில் என்கிறது சைவ சித்தாந்தம். மறைத்தலும் அருள்தான் என்கிறது.

தம்பி செத்த வருஷம் கோயில் வாசலிலேயே அப்பாவிடம் சண்டை போட்டேன். "மறைக்கிறதுக்குப் பேரு அருளாப்பா?"

"மலம் பழுக்க வேணாமாடா?" என்றார். உயிரை மூடியிருக்கும் ஆணவ அழுக்கைத்தான் சொன்னார்; அது பழுத்தால்தான் விலகும். அதற்கு மேல் அவரும் பேசவில்லை.

பட்டறை வேலையில் யோசித்து யோசித்துப் பார்த்தேன். குளிர்ந்த இரும்பு 10.6 மைக்ரான் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி எறிந்துவிடும். ஆவி பீறிடும் அழுத்தத்தில்தான் உருகிய இரும்பு விலகி, ஊசிபோல ஒரு துளை விழுகிறது. அந்தத் துளைக்குள்ளும் அதே பிளாஸ்மா உண்டு. அங்கே அது வாங்கிய சூட்டைச் சுவருக்குக் கொடுக்கிறது. ஆவியே எழாத இரும்பில் ஆழமாக எதுவும் இறங்காது. அப்பா சொன்னதில் பாதி எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மீதிப் பாதி விளங்கவில்லை. ஆணவ மலம் செம்பில் களிம்புபோல அநாதி, இறைவன் உண்டாக்கியது அல்ல என்பார்கள். சரி, ஆவியும் இரும்புக்குள் இருந்ததுதானே என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் மெஷினில் மூட்டம் எழுந்தால் ஹீலியத்தைத் திறக்க என் கை இருந்தது. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அப்படி ஒரு கைக்காகக் காத்திருந்தேன்.

அப்பா போய் நாலு வருஷம். இப்போது பிரதோஷத்துக்குத் தனியாகப் போகிறேன். ஏன் மறைக்கிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டேன். எனக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றுதான் கேட்கிறேன். இரும்புத் துண்டாக இருந்தால் அறுத்துப் பார்த்துவிடுவேன்.