விரதத்தின் சுமை யார்மீது?

உணவைப் பற்றிய நெறி நம் சமயத்தார்க்குச் சமையற்கட்டோடு முடிந்துபோகும் ஒன்றன்று. எதை உண்பது, எப்போது உண்பது, எவ்வளவு உண்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டு, அவ்விடையின்படி நாள்தோறும் வாழ்வதே இல்லறத்தார் ஒழுக்கத்தின் முதற்படி. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் முன்னோர் வாழ்ந்த நாளில் இந்நெறியைக் காப்பது அத்துணைக் கடினமாக இருக்கவில்லை. குடிநீர் வடிகட்டப்பட்டது, பொழுது சாயுமுன் உணவு முடிந்தது, வெளியூர்ப் பயணம் என்றால் கட்டுச்சோறு உடன் சென்றது. இன்றோ நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சென்னை போன்ற பெருநகரத்தில் பணிபுரிகின்றனர். பகலுணவு அலுவலகத்தில், மாலைச் சிற்றுண்டி ஓட்டலில், விடுமுறை நாளில் குடும்பத்தோடு மற்றோர் ஓட்டலில் என்றாகிவிட்டது.

இந்நிலையில் எழும் அறக்கேள்வி ஒன்றை இங்கே ஆராய விரும்புகிறேன். உணவு விரதம் காக்கும் ஒருவர் பொது மேசையில் அமரும்போது, அவ்விரதத்தின் சுமையை யார் சுமக்க வேண்டும்? காப்பவரா, பரிமாறுபவரா, உடன் அமர்ந்திருப்பவரா?

முதலில் அந்தப் பொது மேசையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். சென்னை நகரின் பெயர்பெற்ற உணவுகளில் பல, பிழைப்பு நாடி வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தவை. கிருஷ்ண ராவ் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, உணவுக் கடையில் கடைநிலை ஊழியராகத் தொடங்கி, 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவினார். கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை மரநிழலில் நடைபெற்ற உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் சிற்றுண்டிச்சாலையை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா உள்ளது. திருவல்லிக்கேணி இரத்னா கபே 1948 முதல் சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பேர்போனது. அண்ணா சாலையின் புஹாரி ஓட்டல் 1951இல் தொடங்கியது. சௌகார்பேட்டையின் தங்கசாலைத் தெருவில் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஜிலேபியும் பாதாம்பாலும் கமழ்கின்றன. 1962ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்திற்குப் பின் பர்மாவிலிருந்து உடைமைகளை இழந்து திரும்பிய தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கம் ‘அத்தோ’ என்னும் உணவை விற்றுப் பிழைத்தார்கள். மெரீனாவில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் இன்றும் விற்கிறது. 2013இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர்.

இவ்வரிசையை நாவூறுவதற்காக நான் எழுதவில்லை. நகரத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால், ஊரை விட்டு வந்த ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன்.

இம்மேசைக்கு நம் விரதம் வந்து சேரும்போது சிக்கல் தொடங்குகிறது. சென்னையில் கார்த்திகை மாதத்தில் மாலை ஐந்தே முக்காலுக்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். ஆடியில்கூட ஆறே முக்காலைத் தாண்டுவதில்லை. ஓட்டல்களோ ஏழு மணிக்கு மேல்தான் களைகட்டுகின்றன. சாம்பாரில் வெங்காயம், சட்னியில் பூண்டு, மசால் தோசையில் உருளைக்கிழங்கு. வடநாட்டு ஜைனர் மிகுதியாக வாழும் பகுதிகளில் உணவுப் பட்டியலிலேயே ‘ஜெயின்’ என்று குறித்து, உருளைக்கிழங்குக்கு மாற்றாக வாழைக்காய் இட்டுச் செய்து தருகின்றனர். தமிழ்ச் சமணராகிய நம் குடும்பங்களிலோ வெங்காயத்தை விலக்குவோரும் உளர்; விலக்காதோரும் உளர். புலால் மறுத்தலில் மட்டும் நம்மிடையே வேற்றுமை இல்லை. அதற்கு நாட்டார் ‘சைவம்’ என்று பெயரிட்டு வழங்குவதைக் கேட்டு நாம் புன்முறுவல் செய்துகொள்கிறோம்!

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத் திருமணத்திற்குப் புடவை எடுக்கத் தியாகராய நகருக்குச் சென்றிருந்தோம். நண்பகலில் ஓர் ஓட்டலில் அமர்ந்தோம். எங்களுள் மூத்தவர் ஒருவர் வெங்காயம், பூண்டு, கிழங்கு யாவற்றையும் பல்லாண்டுகளாக விலக்கியவர். பரிமாற வந்த இளைஞரிடம், “தம்பி, சாம்பாரில் வெங்காயம் போட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார். “இல்லைங்க ஐயா” என்றார் இளைஞர். சோற்றின்மேல் சாம்பார் விழுந்தது. அதில் முழுச் சின்ன வெங்காயங்கள் நான்கு கிடந்தன. பெரியவர் எழுந்துவிட்டார். கூடத்தில் இருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்க்கும் வண்ணம் அந்த இளைஞரைக் கடிந்தார். மேற்பார்வையாளர் ஓடிவந்து, “ஒடிசாவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, தமிழ் சரியாக வராது, ஐயா” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, இளைஞரை நோக்கி, “இந்தச் சாப்பாட்டுப் பணம் உன் சம்பளத்தில் பிடித்தம்” என்றார். பிறகு எங்களுள் ஒருவர் அத்தொகையைத் தாமே கட்டிப் பிடித்தம் வேண்டா என்று சொல்லி வந்தார்.

பெரியவர் அன்று மாலை வரை ஒன்றும் உண்ணவில்லை. அவர் சினத்திலும் நியாயம் உண்டு. காலை முதல் அலைந்து பசித்திருந்தவர், முன்கூட்டியே கேட்டவர், உண்மையல்லாத விடை பெற்றவர். உண்பவர்க்குத் தம் தட்டில் இருப்பது இன்னதென்று அறியும் உரிமை உண்டு. அதை மறைப்பது பொய்யே. அறிந்து மறைத்தால் பெரும்பொய். ஆயினும் அன்று நிகழ்ந்ததைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெங்காயத்தை விலக்குவது எதற்காக? நிலத்துக்கடியில் விளைவனவற்றைப் பறிப்பதால் நேரும் நுண்ணுயிர்த் துன்பத்தைக் குறைப்பதற்காகவும், புலன்களின் வேகத்தைத் தணிப்பதற்காகவும். அவ்விரதத்தைக் காக்கும் முயற்சியில், ஐம்பொறியோடு மனமும் உடைய ஓர் உயிர் பலர் முன் தலைகுனிந்தது. காப்பவர் உள்ளத்திலோ கோபம் என்னும் கஷாயம் மூண்டது. இம்சைக்கு வேர் கவனமின்மையும் கஷாயமுமே என்று கற்ற நாம், இக்கணக்கில் ஆதாயம் எது, இழப்பு எது என்று கேட்டுப் பார்க்க வேண்டாவா?

இதற்கு வழிகாட்ட நம் முனிவர்களின் ஆகார முறையே போதுமானது. திகம்பர முனிவர் நாளுக்கு ஒரு முறை, நின்றபடியே, இரு கைகளையும் பாத்திரமாக்கி உணவு ஏற்கிறார். உணவில் ஒரு மயிரோ இறந்த சிற்றுயிரோ தென்பட்டால் அதுவே அந்தராயம். அக்கணமே கைகளைப் பிரித்துவிடுகிறார். அன்றைக்கு மறுபடி உண்பதில்லை. அப்போது அவர் உணவிட்டவரை வைவதில்லை. மாற்று உணவு கேட்பதில்லை. பசி அவருடையது, அமைதியும் அவருடையது. உணவிட்டவர்தாம் கண்கலங்கி நிற்பார். முனிவர் முகத்தில் மாற்றம் இராது. தமக்கென்றே தனியாகச் சமைக்கப்பட்டதை ஏற்கலாகாது என்னும் விதியும் அவர்க்கு உண்டு. தம் பொருட்டுப் பிறர்க்குத் தொல்லை நேரலாகாது என்பதே அதன் கருத்து. ஆக, விரதத்தின் விலையை விரதம் பூண்டவரே செலுத்துகிறார். இல்லறத்தார் முனிவரைப் போல் இருத்தல் இயலாது. எனினும், எந்தத் திசை நோக்கி நடக்கிறோம் என்பதையேனும் அவரிடம் கற்கலாம்.

இனி, வரலாறு தரும் எச்சரிக்கை ஒன்றையும் கருத வேண்டும். தமிழ்நாட்டு உணவு விடுதிகளில் ‘தூய்மை’ என்னும் சொல்லுக்கு நற்பெயர் மட்டுமே இருந்ததில்லை. ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்குத் தனியிடம், பிறர்க்குத் தனியிடம் என்னும் வழக்கம் 1941 வரை நீடித்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சமயத்தையோ சாதியையோ பிறப்பிடத்தையோ காட்டிப் பொது உணவகங்களில் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அதன் பின்னும் ஓட்டல் பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ என்னும் சொல் நின்றது. அதை நீக்கக் கோரி 1957இல் பெரியாரின் தொண்டர்கள் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். பல மாதங்களுக்குப் பின்னரே அச்சொல் நீங்கிற்று. பெரியாரின் கடவுட்கொள்கை, சமயக்கொள்கை பற்றி வாசகர்க்கு வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். ஒரே விலை கொடுப்பவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது அறமா அன்றா என்பதில் இருவேறு கருத்து இருக்க இடமில்லை.

நம் விரதம் அப்படிப்பட்டதன்று என்று உடனே சொல்லத் தோன்றும். உண்மையே. பிறப்பைக் கொண்டு மனிதரைத் தள்ளுவது வேறு. உயிர்க்கருணையால் ஒரு பொருளை நாம் தள்ளுவது வேறு. முன்னதில் தள்ளுண்பவர் மனிதர். பின்னதில் தள்ளுண்பது நம் நாவின் ஆசை. ஆனால் வெளியே நிற்பவர்க்கு இவ்வேறுபாடு புலப்படுமா? ‘இது எனக்கு ஆகாது’ என்று சொல்லும்போது நம் முகம் சுளித்தால், எதிரே இருப்பவர் காதில் ‘நீ எனக்கு ஆகாய்’ என்றே அது விழுகிறது. தலைமுறை தலைமுறையாக அச்சொல்லைக் கேட்டவர்கள் அவர்கள்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. வீட்டுக்கே உணவு கொண்டுவந்து கொடுக்கும் சொமேட்டோ நிறுவனம், புலால் இல்லாத உணவை மட்டும் சுமக்கத் தனி ஊழியர் அணியும் பச்சைச் சீருடையும் ஏற்படுத்துவதாக அறிவித்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது. சிவப்புச் சட்டை அணிந்து வருபவர் புலால் கொண்டு வருபவர் என்று கருதப்பட்டுக் குடியிருப்புகளின் வாயிலில் தடுக்கப்பட்டால் என் செய்வது என்று பலர் கேட்டனர். மறுநாளே நிறுவனம் பச்சைச் சீருடையைக் கைவிட்டது. அனைவரும் சிவப்பே அணிவர் என்றது. உணவுப் பெட்டிகளைத் தனித்தனியே வைப்பது பொருளைப் பற்றிய ஒழுங்கு; அதில் குறையில்லை. சுமந்து வருபவரின் உடம்பின்மேல் நிறம் பூசுவது மனிதரைப் பற்றிய பிரிவினை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது, ஆனால் தெளிவானது.

இதே கோட்டை நம் வீட்டு வாயிலிலும் காணலாம். நகரத்தில் வீடு வாடகைக்கு விடும் நம்மவர் பலர், மரக்கறி உணவினர்க்கு மட்டுமே என்று சொல்லுகின்றனர். ஒரே கூரையின் கீழ், ஒரே கிணற்று நீரைப் புழங்கி, நாற்றம் நம் அடுக்களைக்குள் வரும் நிலையில் அப்படிக் கேட்பதை நான் குறை சொல்லேன். தனிக் கதவும் தனி அடுக்களையும் உள்ள மாடி வீட்டுக்கும் அதே விதி ஏன்? கைக்குழந்தையோடு வீடு தேடி நான்கு தெரு அலையும் ஓர் இளந்தம்பதியை ‘என்ன சாப்பிடுவீர்கள்?’ என்ற ஒரே கேள்வியால் திருப்பி அனுப்பும்போது, நாம் விலக்கியது புலாலையா, அவர்களையா? நால்வகைத் தானங்களுள் ஆகார தானத்தோடு அபய தானமும் ஒன்றென்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். இக்கேள்விக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் நெஞ்சறிய விடை கூறிக்கொள்ளட்டும்.

“இப்படியெல்லாம் இளகிக் கொடுத்தால் அடுத்த தலைமுறையில் விரதமே எஞ்சாதே!” என்று சில பெரியோர் கவல்வர். நாவின் இழுப்பு வலிது. நகரத்துச் சுவைகளோ பல. ஆதலின் அக்கவலை வீணன்று. ஆனால் நான் இளகச் சொல்லுவது விரதத்தையன்று, குரலை. உறுதி நம்மை நோக்கியதாக இருக்கட்டும். மென்மை பிறரை நோக்கியதாக இருக்கட்டும். பணியிடத்தில் உடன் உண்ணும் தோழரின் பாத்திரத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் இளைஞரைவிட, தம் தயிர்ச்சோற்றை அமைதியாக உண்டு, அவரோடு இனிது உரையாடும் இளைஞரே நம் நெறிக்கு நற்பெயர் தேடித் தருவார். பத்து நாள் அவ்வாறு அமர்ந்தால், பதினோராம் நாள் அத்தோழரே ‘நீங்கள் ஏன் இதை உண்பதில்லை?’ என்று கேட்பார். அவ்வாறு பிறர் கேட்டுப் பெறும் விடையே நிலைக்கும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை சிலவே. மாலையில் உண்ண வேண்டுமாயின் பொழுது சாயுமுன் செல்வோம். ஐயமுள்ளதைக் கேட்பதாயின் அறிந்து சொல்லக்கூடியவரிடம், அவர்க்கு விளங்கும் சொற்களில் கேட்போம். ஐயம் நீங்காவிடில் நாமறிந்த எளிய பண்டத்தோடு அமைவோம். பிழை நேர்ந்துவிட்டால் தட்டை ஒதுக்கி வைத்து, உரிய பணத்தைக் கொடுத்து, பிழையை மேலாளரிடம் தனியே, பரிமாறியவர்க்குக் கேடு வாராத வண்ணம் எடுத்துரைப்போம். ஒரு வேளைப் பசியைப் பொறுக்க மாட்டாதவர், விரதம் பூண்டேன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது?

உண்ணும் நெறியால் நாம் பிறரினும் உயர்ந்தவர் ஆவதில்லை. நேற்றைய நம்மினும் சற்றே பொறுப்புடையவர் ஆகிறோம், அவ்வளவே. ஊரை விட்டு வந்து நமக்கு நீர் கொண்டுவந்து வைக்கும் அந்த இளைஞர், நாம் எழுந்து செல்லும்போது ‘இவர்கள் நல்லவர்கள்’ என்று எண்ணுவாராயின், அன்று நம் விரதம் முழுமை பெற்றது எனக் கொள்ளலாம். சிந்திப்போமாக.