தொலைபேசியை எடுத்தவர்

எங்கள் பேச்சில் பகிடி என்றொரு சொல் உண்டு. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பகிடி இல்லாமல் ஒரு தேநீர்க்கடையும் நடக்காது, ஒரு கலியாண வீடும் நிறையாது. அந்தச் சொல்லோடு வதையைச் சேர்த்துப் பகிடிவதை என்று இன்னொரு சொல்லையும் ஆக்கி வைத்திருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவர்கள் புதியவர்களைப் படுத்தும் பாட்டுக்கு அதுதான் பெயர். செய்பவனுக்குப் பகிடி, படுபவனுக்கு வதை. செயல் ஒன்றுதான், எந்த முனையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. 1997இல் பேராதனையில் பொறியியல் படிக்கப்போன மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்தார். அடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கும் அதுவே காவல். அந்தச் சட்டத்தில் நான் முக்கியமாகக் காண்பது அது பகிடிவதைக்குத் தரும் வரைவிலக்கணம்: உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு, மனவேதனை, அச்சம் ஆகியவற்றை விளைவிக்கும் செயல், அல்லது விளைவிக்கக்கூடிய செயல். செய்தவன் சிரிப்புக்காகத்தான் செய்தானா என்று அது விசாரிப்பதில்லை. ஒருவர் சாகும்வரை காத்திருப்பதுமில்லை. வளாகத்தின் மதிலுக்குள் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், அதே பகிடியை ஒரு வானொலி செய்தால் மட்டும் ஏன் தடுமாறுகிறோம்?

2012 டிசம்பர் 4ஆம் திகதி விடியற்காலை, லண்டனில் இருக்கும் ஏழாம் எட்வர்ட் மன்னர் வைத்தியசாலைக்கு சிட்னியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இளவரசர் வில்லியமின் மனைவி கேத்ரின் கர்ப்பகால வாந்தி மிகுந்து முதல்நாள்தான் அங்கே அனுமதிக்கப்பட்டிருந்தார். ‘டூடே எஃப்.எம்’ வானொலியின் அறிவிப்பாளர்கள் மெல் கிரெய்க்கும் மைக்கல் கிறிஸ்டியனும் எலிசபெத் மகாராணியாகவும் இளவரசர் சார்ள்ஸாகவும் குரலை மாற்றிக்கொண்டு பேசினார்கள். அந்த நேரத்தில் வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. தொலைபேசியை எடுத்தவர் ஜெசிந்தா சல்டானா என்ற 46 வயதுத் தாதி. கர்நாடகக் கரையோரத்து மங்களூர்ப் பக்கத்துக்காரர். கணவரும் இரண்டு பிள்ளைகளும் பிரிஸ்டலில் இருக்க, வேலைக்காக லண்டனில் தாதியர் விடுதியில் தங்கியிருந்தவர். அவர் பேசியது ஒரு வாக்கியத்துக்கு மேல் இராது. சற்றுப் பொறுங்கள் அம்மா என்ற பாங்கில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்த தாதிக்கு அழைப்பை மாற்றிக் கொடுத்தார். நோயாளியின் நிலையைச் சொன்னவர் அந்த இரண்டாவது தாதிதான். ஒலிப்பதிவு ஒலிபரப்பாகி உலகெங்கும் சுற்றியது. டிசம்பர் 7ஆம் திகதி ஜெசிந்தா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்து நாள் கழித்துக் கணவரின் ஊரான ஷிர்வாவில் அடக்கம் நடந்தது. பிள்ளைகளை லண்டனுக்கும் சிட்னிக்கும் அனுப்பிவிட்டு இரவில் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிற வன்னித் தாய்மாருக்கு அந்தப் பிரேதப் பயணத்தை விளக்கவேண்டியதில்லை.

இந்தக் கதையில் என்னை நிறுத்துவது டிசம்பர் 4க்கும் 7க்கும் இடைப்பட்ட மூன்று நாள். அந்த மூன்று நாளும் அது ஒரு வெற்றி. வானொலி அதைத் தன் சாதனையாகத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. யாருடைய குரலைத் திருடினார்களோ அந்த இளவரசர் சார்ள்ஸே டிசம்பர் 6ஆம் திகதி செய்தியாளர்களைப் பார்த்து, தான் ஒரு வானொலி நிலையம் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுச் சிரித்தார். மறுநாள் மரணச்செய்தி வந்ததும் அதே ஒலிப்பதிவு கொலைக்கருவி ஆகிவிட்டது. சிரித்த வாய்களே அந்த இருவரையும் தூற்றின. கொலை மிரட்டல்கள் வந்து அவர்கள் ஒளிந்திருக்கவேண்டியதாயிற்று. ஆனால் ஒலிப்பதிவில் ஒரு சொல்லும் மாறவில்லை. 6ஆம் திகதி நல்ல பகிடியாக இருந்தது 7ஆம் திகதி கொடுங்குற்றமாக மாறியதென்றால், நாம் செயலை எடைபோடவே இல்லை; பிணம் விழுந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். என் வாதம் இதுதான்: அந்த அறிவிப்பாளர்களும் அவர்களின் நிறுவனமும் ஜெசிந்தாவின் மரணத்துக்காகச் சுமக்கவேண்டிய பழியைவிட, அவர் உயிரோடு இருந்திருந்தாலும் சுமந்திருக்கவேண்டிய பொறுப்புத்தான் பெரியது. அதை எவரும் கேட்கவில்லை.

இப்படி முடியும் என்று யாருக்குத் தெரியும் என்பதுதான் இத்தகைய விடயங்களில் முதலில் வரும் மறுப்பு. நியாயமான மறுப்பும்கூட. மரணத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. பிரித்தானிய அரச வழக்குத் தொடுநர்கள் 2013 பெப்ரவரியில் அந்த இருவர்மீதும் வழக்கில்லை என்று முடிவெடுத்ததைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் எதிர்பார்க்காதது மரணத்தை மட்டுமே. வெட்கத்தை எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்தது மட்டுமா, அந்த நிகழ்ச்சியில் விற்பனைக்கு இருந்த ஒரே சரக்கு அதுதான். ஏமாறுகிறவர் ஏமாந்ததை அறியாமல் மரியாதையாகப் பேசுவதும், அதைக் கேட்டு ஊர் சிரிப்பதும் இல்லாவிட்டால் அந்த ஒலிப்பதிவில் கேட்க என்ன இருக்கிறது? ஒருவரின் வெட்கத்தை அவரைக் கேட்காமல் எடுத்து விற்பவருக்கு, அந்த வெட்கம் அவரிடம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பது தெரியாது. தெரியாத ஆழத்தில் கல்லெறிபவர், அடியில் ஆள் இருந்தது தெரியாது என்று சொல்லலாம். கல்லெறிந்தது தெரியாது என்று சொல்லமுடியாது. சார்ள்ஸின் சிரிப்பும் இதற்கு மறுசாட்சி ஆகாது. அவருக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஏமாந்தவர் அவரில்லையே.

இன்னொன்று. நேரடி ஒலிபரப்பில் வாய்தவறி வந்த சொல்லாக இருந்தால் நானும் கொஞ்சம் இரங்கியிருப்பேன். இது முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டது. பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் இடையில் அது நிறுவனத்தின் மேசைகளைக் கடந்து, சட்டம் பார்ப்பவர்களின் கைக்கும் போய்த்தான் வானலைக்கு ஏறியது. வைத்தியசாலையைத் தொடர்புகொள்ள ஐந்து தடவை முயன்றதாக நிறுவனத்தின் தலைவர் பிறகு சொன்னார். இதைத் தங்களுக்குச் சாதகமான சாட்சியாகவே சொன்னார் என்பதுதான் வியப்பு. சம்மதம் கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது, கேட்க முயன்றிருக்கிறார்கள், கிடைக்கவில்லை, ஆனாலும் ஒலிபரப்பியிருக்கிறார்கள். ஐந்து தடவை கதவைத் தட்டியும் திறக்கவில்லை, அதனால் உள்ளே போய் எடுத்தேன் என்று ஒருவன் சொன்னால் நாங்கள் அவனுக்கு என்ன பேர் வைப்போம்? இந்த நிலையத்துக்கு இது முதல் தடவையும் இல்லை. 2009இல் இதே வானொலி ஒரு 14 வயதுச் சிறுமியைப் பொய்காட்டும் கருவியில் பூட்டி நேரலையில் கேள்வி கேட்கப்போய், அந்தப் பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை நாடறியச் சொல்லும்படி ஆயிற்று. ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அப்போதே உரிமத்துக்கு நிபந்தனை போட்டது. ஆக, யாருடைய வேதனை வெளியே கொட்டும் என்று தெரியாத விளையாட்டு இது என்பதை அந்தக் கட்டடம் மூன்று வருடத்துக்கு முன்பே கற்றிருக்கவேண்டும். உலகத்துக்கு இரண்டு அறிவிப்பாளர்களின் பெயர்தான் மனப்பாடம். அவர்களுக்கு மேலே இருந்து ‘போடு’ என்று தலையாட்டியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 5 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் நினைவு நிதிக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் 2013இலேயே நிறுவனம் மைக்கல் கிறிஸ்டியனுக்குத் தன் சிறந்த அறிவிப்பாளர் போட்டியில் பரிசும் கொடுத்தது. அனுமதியில்லாமல் பதிவுசெய்து ஒலிபரப்பியது சட்டமீறல் என்று அதிகாரசபை எடுத்த நிலைப்பாட்டை எதிர்த்து அந்த வானொலி நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை வழக்காடியது. 2015 மார்ச்சில்தான் அதிகாரசபைக்கு அப்படிச் சொல்லும் அதிகாரம் உண்டு என்ற தீர்ப்பு வந்தது. மன்னிப்பை ஒரு கையாலும் வழக்கை மறு கையாலும் நீட்டுவது நிறுவனங்களுக்குக் கைவந்த கலை.

ஒரு தற்கொலைக்கு ஒரேயொரு காரணம் காட்டுவது பொய் என்பார்கள். இதை நான் முழுதாக ஏற்கிறேன். ஜெசிந்தாவுக்கு முன்னரே மனச்சோர்வு இருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. வேலையிடம்பற்றிய மனக்குறையும் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளில் இருந்தது. அந்த அறிவிப்பாளர்களைப் பொறுப்பாளிகளாகச் சுட்டிய குறிப்பும் இருந்தது. 2014 செப்டெம்பரில் முடிந்த மரண விசாரணை தற்கொலை என்ற தீர்ப்போடு நின்றது. போரின் பிறகும் ஓயாத சாவுகளைக் கண்ட வன்னிக்கு, ஒரு மனிதர் அந்த முடிவுக்கு வரும் வழி எத்தனை திருப்பங்கள் கொண்டது என்பது புதிதல்ல. ஆனால் இந்த உண்மையைப் பகிடிக்காரர்கள் கையிலெடுக்கும்போது அது வேறொன்றாகிறது. ஏற்கெனவே நொந்தவர், அதனால் எங்கள் பங்கு சிறிது என்கிறார்கள். ஆங்கிலச் சட்டத்தில் ஒரு பழைய விதி இதற்கு நேர் எதிரானது: நீ அடித்தவனின் மண்டையோடு மெல்லியதாக இருந்தது என்பது உனக்குச் சாக்காகாது, எப்படிப்பட்டவனை அடித்தாயோ அவனுக்கே நீ பொறுப்பு. அந்த விதியை வானொலிப் பகிடிக்கு நீட்டித் தண்டிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் முகம் தெரியாத ஓர் எண்ணைச் சுழற்றும்போது எதிரே இருப்பவர் நொந்தவரா நோகாதவரா என்று தெரியாதென்றால், அந்தத் தெரியாமை கையை நிறுத்தத்தான் காரணம்.

அவர் ஏன் சரிபார்க்கவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. நடிப்பு மோசம், உச்சரிப்பு மோசம், அறிவிப்பாளர்களே உடனே தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தார்களாம். வைத்தியசாலை இரவில் வரவேற்பு மேசைக்கு ஓர் ஆளை வைத்திருக்கலாம் என்பது சரி. தாதியைக் கேட்பது சரியில்லை. விடியற்காலையில் ஒரு குரலை நம்பி எழுந்து ஓடுவதுதான் தாதி வேலை. குரலை நம்பாத தாதி நோயாளிக்கு உதவமாட்டார். நம்பிக்கை என்பது வன்னியில் இலகுவாகச் சொல்லிப்போகும் சொல்லும் அல்ல. மின்சாரமும் பற்றரியும் இல்லாத தடைக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை மிதித்து வானொலி கேட்ட சனம் இது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே போனால் உயிர் தப்பும் என்பதைக் குரல்கள்தான் சொல்லின. 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயம் என்ற அறிவிப்பை நம்பி உடையார்கட்டுக்கும் சுதந்திரபுரத்துக்கும் நகர்ந்தவர்கள்மீது செல் விழுந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்திருக்கிறது. அதற்குப் பிறகு, உங்கள் பிள்ளை இன்ன முகாமில் இருக்கிறான், இவ்வளவு அனுப்பினால் காட்டுவோம் என்று வந்த அழைப்புகளைக் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன. 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் போராடத் தொடங்கிய தாய்மாரைப் பார்த்து, ஏன் நம்பினீர்கள் என்று கேட்க எவருக்கு மனம் வரும்? சிட்னிப் பகிடியையும் இந்தக் கொடுமைகளையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஏமாந்தவரைக் குற்றவாளி ஆக்கும் கேள்வி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றேதான்.

அதற்காக அந்த இருவரைத் துரத்திய கூட்டத்தோடு சேர எனக்கு விருப்பமில்லை. ஒரு தனிமனிதரின் அவமானத்தைப் பலர் கூடி ருசிப்பதுதான் அந்தப் பகிடியின் குற்றமென்றால், மிரட்டல் எழுதியவர்களும் அதே விருந்தில் இன்னொரு பந்தியில் இருந்து சாப்பிட்டவர்கள். தமிழில் பழியைச் சுமத்துகிறோம், பொறுப்பை ஏற்கிறோம். முதலாவதை மற்றவர் தலையில்தான் வைக்கமுடியும், இரண்டாவதைத் தானாகத்தான் எடுக்கமுடியும். மெல் கிரெய்க் 2014இல் மரண விசாரணைக்குத் தானாகவே லண்டன் போய் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கதையில் பொறுப்பு என்ற சொல்லுக்குப் பொருந்தும் செயலாக எனக்குத் தெரிவது அதுதான். ஆனால் அது ஒருவரின் செயல். மேசைகளைக் கடந்து வந்த ஒலிப்பதிவு என்றேனே, அந்த மேசைகளிலிருந்து எவரும் விமானம் ஏறிப் போனதாகத் தெரியவில்லை.

இன்று ஒவ்வொரு கைத்தொலைபேசியும் ஒரு நிலையம். மேசையும் இல்லை, சட்டம் பார்ப்பவரும் இல்லை. ஏ9 வீதியோரத்தில் ஒருவரைத் திடுக்கிட வைத்துப் பதிவேற்ற ஐந்து நிமிடம் போதும். சம்மதம் வாங்கிக்கொண்டுதான் செய்கிறோம் என்பவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. வறிய குடும்பத்தின் வீட்டுக்குள் கமராவோடு போய், அரிசிமூட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு அழவைத்துப் படம்பிடிக்கும் காணொளிகள் எங்கள் ஊர்களில் ஏராளம். அரிசி தேவைப்படுகிறவர் தரும் சம்மதம் எவ்வகைச் சம்மதம்? பகிடி இல்லாவிட்டாலும் அங்கேயும் விற்கப்படுவது இன்னொருவரின் வெட்கம்தான்.

அப்படியானால் அதிகாரத்தை நையாண்டி செய்யவே கூடாதா என்று கேட்கலாம். செய்யவேண்டும், அதிகாரத்தைத்தான் செய்யவேண்டும். சிக்கல் என்னவென்றால், பெரிய இடத்தை நோக்கி எறிந்த பகிடி பெரும்பாலும் வாசலில் நிற்பவர்மீதே விழுகிறது. கச்சேரிக்கு ஒருவன் பொய்க்குரலில் அழைத்தால் முதலில் எடுப்பவர் அரசாங்க அதிபராக இருக்கமாட்டார். அரண்மனையைக் குறிவைத்தவர்களுக்கு அகப்பட்டது மங்களூர்த் தாதி. 1995 ஒக்டோபரில் கனேடிய வானொலிக்காரர் பியர் பிரசார் தன்னைப் பிரதமர் ஜோன் கிரேட்சியன் என்று சொல்லி எலிசபெத் மகாராணியோடு நேரடியாகவே பேசிவிட்டார். அது இன்றும் எவருக்கும் கேடில்லாத பகிடிகளின் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிறது. அந்த அழைப்பையும் யாரோ ஒருவர் எடுத்து, பொறுங்கள் ஐயா என்று சொல்லித்தான் உள்ளே கொடுத்திருப்பார். மறுநாள் வேலைக்கு வந்தபோது அவரை மேலதிகாரி என்ன கேட்டார் என்பது அந்தப் பகிடியைப்பற்றி நான் படித்த எதிலும் இல்லை.