வழுக்கும் கல்

மூன்றாம் நாள்.
புதுத் தொட்டியின் தண்ணீர் பளிங்காக இருக்கிறது. அடியில் கிடக்கும் கல்லின் வரிகூடத் தெரிகிறது. ஆறு கப்பி மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செவுளோரம் சிவந்திருக்கிறது. சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டேன். மஞ்சள், பச்சையாக மாறியது. அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். இருக்க வேண்டியது பூஜ்யம்.

அன்று இரவு.
மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான். ஆற்றில் இதைத் தின்ன ஆள் இருக்கிறது. என் தொட்டியில் இல்லை. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் கொஞ்சம் காரம், பி.எச். 8. தண்ணீர் 25 டிகிரியில் இருக்கும்போது பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இராது. 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். வெயில் ஏற ஏற இன்னும் கூடும்.

பாதித் தண்ணீரை மாற்றினேன். 2 என்பது 1 ஆகும், அவ்வளவுதான். நாளைக்கும் மாற்ற வேண்டும். தீனியை நிறுத்தினேன். காற்று பம்ப் இரவெல்லாம் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, வர வேண்டாம் என்றும் இருந்தது.

ஐந்தாம் நாள்.
இரண்டு மீன்கள் போய்விட்டன. முருங்கை அடியில் புதைத்தேன்.

ஆறாம் நாள்.
அடுத்த தெருத் தம்பி, பல வருடமாக மீன் வளர்ப்பவன், கேட்டான்: "உறை ஊத்தாம தயிர் கேட்டா எப்படிண்ணே?" தன் தொட்டி ஃபில்டரின் பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தான். பழுப்பு நிறம், மழை ஈரமண் வாசனை. என் ஃபில்டருக்குள் வைத்தேன். இனி இதைக் குழாயடியில் கழுவக் கூடாதாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழிய வேண்டும்.

அந்தப் பழுப்பில் இருப்பவை அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா. 1890 வாக்கில் சூரிச்சில் இவற்றைப் பிரித்தெடுத்தவர் வினோகிராட்ஸ்கி. மற்றக் கிருமிகளுக்கு வைக்கும் சத்துணவில் இவை வளரவில்லை. வெறும் உப்புகள் கரைந்த நீரில் வளர்த்தார். வேறு பாக்டீரியா அரை மணியில் இரட்டிக்கும். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். தயிரைப்போல் ஒரே இரவில் தோயாது.

பதினோராம் நாள், ஞாயிறு.
கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை ஏறினோம். வெள்ளிமலைப் பக்கம் பெரியார் அருவி ஓடையில் இறங்கியதும் கால் வழுக்கியது. சின்ன வயதிலிருந்து இந்த வழுக்கலைத் திட்டியிருக்கிறேன். இன்று குனிந்து விரலால் தடவினேன். மெல்லிய கொழகொழப்பு. அந்த ஸ்பாஞ்சின் பழுப்பைப்போல இதிலும் பாக்டீரியாதான். உதிர்ந்த இலை, தலைப்பிரட்டை, செத்த பூச்சி எல்லாம் இந்த ஓடையில்தானே கிடக்கின்றன. ஆனாலும் தண்ணீரை அள்ளிக் குடித்துவிடலாம் போலிருக்கிறது. தொட்டிக்கு வாங்கிய கற்களை நான் வெந்நீரில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது நினைவுக்கு வந்தது. ஓடைக்கல் எதையும் எடுத்து வரவில்லை. அது அங்கே வேலையில் இருக்கிறது.

பதினாறாம் நாள்.
அமோனியா இறங்குகிறது, நைட்ரைட் ஏறுகிறது. இதுவும் நஞ்சு. இரத்தத்தைப் பழுப்பாக்கி, உயிர்க்காற்றைச் சுமக்க விடாமல் செய்யும். மறுபடி தண்ணீர் மாற்றம், சிறிது கல்லுப்பு. நான்கு மீன்களும் நடுத் தண்ணீரில் நிற்கின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு மட்டும் தீனி.

முப்பத்து நான்காம் நாள்.
அமோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். கண்ணாடி ஓரம் லேசாகப் பச்சை படர்ந்திருக்கிறது. முதல் நாளின் பளிங்கு போய்விட்டது. கையை விட்டு ஒரு கல்லைத் தொட்டேன். வழுக்கியது. கையை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டேன்.