வேடம் போட்டவர்களும் போடாதவர்களும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், கடலோரமாக இருக்கிறது பிளிமத் பட்டக்ஸட் அருங்காட்சியகம். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர்களின் ஊரை வெட்டவெளியில் மறுபடி கட்டி, அதில் ஆட்களையும் நடமாட விட்டிருக்கிறார்கள். அசல் ஊர் இன்றைய பிளிமத் நகரத்துக்கு அடியில் போய்விட்டது. அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி நிற்பது நகல். தொல்லியலில் ஆர்வம் கொண்ட ஹென்றி ஹார்ன்புளோயர் என்பவர் 1947-இல் இதைத் தொடங்கினார்.

சரிவான ஒற்றைத் தெரு. இருபுறமும் நாணல் வேய்ந்த மர வீடுகள்; உள்ளே மண் தரை, அடுப்புப் புகை, சிறிய சன்னல்கள். கொல்லையில் கீரைப் பாத்தி, கோழிகள். மேட்டில் ஒரு கோட்டை. அதன் மாடியில் பீரங்கிகள், கீழே வழிபாட்டுக் கூடம். கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள் என்பதை நினைத்துக்கொண்டு நடந்தால்தான், இந்தத் தெரு எவ்வளவு சிறியது என்பது உறைக்கும்.

ஊர்வாசிகளாக வருபவர்கள் நடிகர்கள். ஆவணங்களில் பெயர் உள்ளவர்களை ஆளுக்கொருவராக ஏற்று, அவர்களுடைய வட்டார உச்சரிப்பு வரைக்கும் பழகிக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளாக இங்கே நடந்த ஆண்டு 1627. அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிக் கேட்டால் அப்படி ஒருவரைத் தெரியாது என்பார்கள். இங்கிலாந்தின் அன்றைய மன்னர் சார்லஸைத் தெரியும். புகைப்படக் கருவியை ஏதோ வினோதப் பெட்டி போலப் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு இது கொண்டாட்டம். பெரியவர்களும் சற்று நேரத்தில் விளையாட்டில் சேர்ந்துகொள்கிறார்கள்.

இதே வளாகத்தில் வாம்பனோக் பழங்குடியினரின் குடியிருப்பும் உண்டு. மரப்பட்டை போர்த்திய வளைந்த குடில்கள். அவற்றின் பெயர் தமிழ்க் காதுக்கு 'வீட்டு' என்றே கேட்கும். தற்செயல்தான், சொல்லாராய்ச்சிக்குக் கிளம்ப வேண்டாம். ஒரு பருத்த மரத்தின் மேல் நெருப்பை நிதானமாகக் கனிய விட்டு, கரியானதைச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளமாக்கித் தோணி செய்வார்கள். நாள்கணக்கில் நீளும் வேலை. அதைச் செய்பவர்கள் பூர்வகுடிகளே. உடுத்தியிருப்பது மான்தோல், பேசுவது இன்றைய பேச்சு. 'அவர்கள் இப்படி வாழ்ந்தார்கள்' என்று சொல்வதில்லை, 'நாங்கள்' என்கிறார்கள். யாரும் எந்தப் பாத்திரத்தையும் ஏற்கவில்லை.

ஆங்கிலேயத் தெருவிலிருந்து வருபவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் இரண்டில் நேர்மையானது இதுதான். தன் வம்சம் நீடிக்கிறதா என்ற சந்தேகம் யாருக்கும் வராத இடத்தில் மட்டுமே முன்னோரை விளையாட்டாக நடித்துக் காட்ட முடியும். வாம்பனோக் மக்களுக்கு அந்தச் சலுகை கிடைத்ததில்லை. 'அழிந்துபோனவர்கள்' என்றே நெடுங்காலம் பேசப்பட்டவர்கள், இறந்தவர்களாக வேடம் கட்டினால் பொய்க்குத் துணைபோவதாகிவிடும். பழையதைக் கையில் வைத்திருப்பது வேறு, பழையவராக மாறிக்காட்டுவது வேறு.

ஆங்கிலேயர்கள் குடியேறிய இடம் வெறும் காடல்ல. அது பட்டக்ஸட் என்ற வாம்பனோக் ஊர். 1616-க்கும் 1619-க்கும் இடையே பரவிய கொள்ளைநோய் அதை ஆளில்லாமல் ஆக்கியிருந்தது. திருத்திய வயல்கள் அப்படியே கிடந்தன. அந்த ஊர்க்காரரான டிஸ்குவாண்டம் 1614-இல் கடத்தப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டவர். 1619-இல் திரும்பியபோது வீட்டில் யாருமில்லை. பின்பு அதே மண்ணில், புதிதாக வந்தவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார். அருங்காட்சியகத்தின் பெயரில் பட்டக்ஸட் சேர்ந்தது 2020-இல்தான்; அதுவரை அது பிளிமத் பிளான்டேஷன்.

கையில் வைத்திருப்பதற்கும் வேடம் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு மொழி விஷயத்தில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நடிகர்கள் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தைக் காலையில் அணிந்து மாலையில் கழற்றி வைக்கிறார்கள். வாம்பனோக் மொழியோ நூறாண்டுக்கும் மேலாகப் பேச ஆளின்றிக் கிடந்தது. மதமாற்றத்துக்காக 1663-இல் அந்த மொழியில் அச்சான பைபிளையும் பழைய பத்திரங்களையும் வைத்து, ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்ட் என்ற வாம்பனோக் பெண் 1993-இல் அதை மீட்கும் முயற்சியைத் தொடங்கினார். இத்தனை காலத்துக்குப் பின் அம்மொழியைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த முதல் குழந்தை அவருடைய மகள்.